பூ வரைய ஒருவர், தரை வரைய ஒருவர்

சகுரா சியோ குள்ளமான பெண். தலையின் இரு பக்கமும் புள்ளி போட்ட பெரிய ரிப்பன். அதே பள்ளியில் படிக்கும் நோஸாகி உமேதாரோ நெடுநெடுவென வளர்ந்தவன், மனசில் என்ன ஓடுகிறது என்று முகத்தில் காட்டாதவன். அவன்மேல் அவளுக்குக் காதல். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எதிரே போய் நிற்கிறாள். சொல்ல வந்தது வாயில் வராமல், தான் அவனுடைய ரசிகை என்று உளறிவிடுகிறாள். அவனோ கொஞ்சமும் அசராமல் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறான். எப்போதும் கூடவே இருக்க ஆசை என்று அவள் அடுத்தபடியாகத் தடுமாற, வீட்டுக்கு அழைத்துப் போகிறான். போனதும் படங்கள் வரைந்த ஒரு தாளையும் மையையும் அவள் முன்னால் வைக்கிறான். குறி போட்ட இடங்களில் கறுப்பு நிரப்ப வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல் அவளும் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கிவிடுகிறாள்.

விஷயம் அவளுக்குப் பிறகுதான் உறைக்கிறது. அட்டையில் இருந்த கையெழுத்து யுமேனோ சகிகோ என்ற பெண் பெயர். மாதா மாதம் பெண்பிள்ளைகளை உருக வைக்கும் காதல் தொடரை அந்தப் பெயரில் வரைகிறவன் இந்தப் பையன்தான். இவள் இப்போது அவனுக்கு உதவியாளர்.

‘கெக்கான் ஷோஜோ நோஸாகி-குன்’ இப்படித்தான் தொடங்குகிறது. ட்சுபாகி இசுமி என்ற பெண் ஓவியர், ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘கங்கான் ஆன்லைன்’ இணைய இதழில் 2011இல் ஆரம்பித்த நான்கு கட்ட நகைச்சுவைத் தொடர் இது. 2014இல் டோகா கோபோ ஸ்டூடியோ இதை 12 பகுதிகள் கொண்ட அனிமேயாக, அதாவது அசைவூட்டத் தொடராக எடுத்தது. ஜப்பானுக்கு வெளியே பலரும் நோஸாகியைச் சந்தித்தது அப்போதுதான். மறு ஆண்டிலிருந்து ஆங்கிலத்திலும் தொகுப்புகள் வரத் தொடங்கின.

மங்கா எனப்படும் படக்கதையை வரைவதைப் பற்றிய மங்கா ஜப்பானில் புதிதல்ல. அதற்கென்று நீண்ட வரிசையே உண்டு. ஆனால் இந்தத் தொடரில் இருக்கிற ஒன்று மற்றவற்றில் எனக்கு இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை. காதல் கதை எப்படித் தயாராகிறது என்று ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிக் காட்டுகிறார் ட்சுபாகி. பின்னணியில் பூ எதற்கு, கண்ணில் வெள்ளைப் புள்ளி எதற்கு, மழை எந்தப் பக்கத்தில் வந்தால் வாசகி கலங்குவாள் என்பதெல்லாம் தெரிந்துபோகிறது. அத்தனையும் தெரிந்த பிறகும் அடுத்த பக்கத்தில் சகுராவின் முகம் சிவந்தால் நமக்கும் நெஞ்சு துள்ளுகிறது. சூட்சுமம் வெளிப்பட்டால் மயக்கம் கலைந்துவிடும் என்று கலைஞர்கள் பலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று காட்டியதுதான் இந்தச் சிரிப்புக் கதையின் சாதனை.

மேசையின் மேல்

முதலில் அந்தக் கறுப்பு விவகாரம். மங்கா தாளில் பென்சிலால் வரைந்து முடித்ததும், ஜி-பென் என்கிற உலோக முனைப் பேனாவால் மைக்கோடு போடுவார் ஓவியர். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். இமை மயிரும் தோளின் விளிம்பும் ஒரே முனையில் வந்துவிடும். எங்கெல்லாம் முழுக்கறுப்பு வேண்டுமோ அங்கெல்லாம் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்தக் குறிதான் உதவியாளருக்கு உத்தரவு. இந்த வேலைக்குப் பெயர் ‘பெட்டா’. ஓரத்தை மெல்லிய முனையால் கட்டிக்கொண்டு உள்ளே தூரிகையால் நிரப்ப வேண்டும். தலைமுடியின் மினுமினுப்புக்காக விட்ட வெள்ளைப் பட்டையில் மை ஏறிவிடக் கூடாது. காய்வதற்குள் கை பட்டுவிட்டால் வெள்ளை மை எடுத்துத் திருத்த உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது ‘டோன்’. சாம்பல் நிறமாகத் தெரிவதற்காகப் புள்ளிகள் அச்சிட்டு, பின்பக்கம் பசை தடவிய மெல்லிய தாள். படத்தின்மேல் பரப்பி, அடியில் இருக்கும் காகிதம் வெட்டுப்படாதபடி கட்டரை மிதமாக ஓட்டி, வேண்டாததை உரித்து, வேண்டியதைத் தேய்த்து ஒட்டுவார்கள். வெளிச்சம் விழும் இடத்தில் கத்தி முனையால் புள்ளிகளைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. இன்று பெரும்பாலான ஓவியர்கள் திரையில் வரைகிறார்கள். டோன் ஒரு சொடுக்கில் விழுந்துவிடுகிறது. நோஸாகியின் அறையில் இன்னும் மைப்புட்டியும் கட்டரும்தான். அதனால்தான் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஆட்கள் வருவதால்தான் கதையே நடக்கிறது.

இந்த ஆட்களை ட்சுபாகி பங்கிட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். சகுரா கறுப்பு நிரப்புகிறவள். பூவும் பளபளப்பும் அலங்காரமும் மிகோஷிபாவின் வேலை. பார்க்க அவன் பெண்களை மடக்கும் மன்மதன். வசனமும் அப்படித்தான் பேசுவான். பேசி முடித்த அடுத்த நொடியே வெட்கத்தில் சுருண்டுவிடுவான். உள்ளே இருப்பது அப்படியொரு கூச்ச சுபாவம். நோஸாகியின் காதல் தொடரில் வரும் நாயகி மாமிகோவுக்கு மாதிரியே இந்தப் பையன்தான் என்று தெரியும்போது சகுரா அதிர்ந்துபோகிறாள். பின்னணி வரைகிறவர் ஹோரி, நாடக மன்றத் தலைவர். நன்றாக நடிக்கத் தெரிந்தும், உயரம் போதாது என்று திரைக்குப் பின்னால் நின்றுகொண்டவர். கூலியாக அவர் கேட்பது பணமல்ல. நோஸாகி நாடகம் எழுதித் தர வேண்டும். டோன் ஒட்டுவது கூடைப்பந்து மன்றத்துத் தம்பி வகாமாட்சு.

ஷோஜோ மங்காவில், அதாவது பெண்பிள்ளைகளுக்கான மங்காவில், கட்டத்தின் பின்னணியில் பூக்கும் பூ தோட்டத்துப் பூவல்ல. பாத்திரம் வெளியே சொல்லாத உணர்ச்சிதான் அங்கே பூத்து நிற்கிறது. அதை வரையத் தன் உணர்ச்சியை வெளியே சொல்லத் தெரியாத மிகோஷிபாவை உட்கார வைத்திருக்கிறார் ட்சுபாகி. மற்றவர்கள் நிற்பதற்குத் தரையும் சுவரும் அமைத்துக் கொடுப்பவர், மேடையில் ஏறாத ஹோரி. தற்செயலாக அமைந்தது என்று நினைக்க முடியவில்லை. வேலையைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடுகிறார். நீளமான முன்கதைகள் இதில் கிடையாது. அவை தேவைப்படவும் இல்லை.

பெட்டியும் இரட்டைச் சைக்கிளும்

நோஸாகிக்குப் பின்னணி வராது. ஆள்களை அழகாக வரைந்துவிடுவான். தரை எங்கே இருக்கிறது என்று யோசிக்கவே மாட்டான். பின்னால் ஹோரி தரையைப் போட உட்காரும்போது நாயகன் நாயகி இருவரின் உயரமும் இடமும் ஒத்துவராது. அப்புறம் என்ன செய்வது? நாயகன் காலடியில் ஒரு பெட்டியை வரைந்து அதன்மேல் அவனை நிற்க வைத்துவிட வேண்டியதுதான். காதல் ததும்பும் காட்சியில் நாயகன் காரணமே இல்லாமல் பெட்டியின்மேல் நிற்கிறான். சிரித்து ஓய்ந்தபின் யோசித்தால், பின்னணி உதவியாளர்கள் காலங்காலமாக அனுபவித்துவரும் சங்கடம் அது. தலைமை ஓவியர் போட்டுவிட்டுப் போன தப்பை அவர் மனம் கோணாமல் சரிக்கட்ட வேண்டும். கெடுவும் தவறக் கூடாது.

ஆரம்பப் பகுதிகளில் ஒரு சைக்கிள் வருகிறது. பையன் ஓட்ட, பெண் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் சாய்வது ஷோஜோ மங்காவின் நிரந்தரக் காட்சி. நோஸாகிக்கும் அது வேண்டும். ஆனால் ஜப்பானில் சிறு குழந்தைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிச் செல்வது சட்டப்படி தவறு. மாணவிகள் படிக்கும் இதழில் சட்டத்தை மீறும் நாயகனைக் காட்டலாமா? நோஸாகி இதை ஆழமாக யோசிக்கிறான். முடிவில் இருவருமே மிதிக்கும் இரட்டைச் சைக்கிளைக் கொண்டுவருகிறான். சகுராவை ஏற்றிக்கொண்டு ஓட்டியும் பார்க்கிறான். அவள் கனவு கண்ட காட்சி ஒருவழியாக வாய்த்துவிட்டது. முதுகில் சாய்வதற்குத்தான் வழியில்லை. மூச்சு வாங்க மிதிக்க வேண்டியிருக்கிறது.

தையற்காரர் எதிரே வருகிறவரின் சட்டையைத்தான் முதலில் பார்ப்பார். நோஸாகியும் அப்படித்தான், கண்ணில் படுவதெல்லாம் அவனுக்குக் கதைக்கான சரக்கு. குடையில்லாமல் மழையில் சிக்கினாலும், பள்ளிப் பையில் சாக்லேட் இருந்தாலும் குறிப்பேட்டை எடுத்துவிடுவான். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகம் சிவப்பதை மட்டும் காணமாட்டான். நாடு முழுக்கப் பெண்களின் மனசை எழுதுகிறவனுக்கு ஒரு பெண்ணின் மனசு தெரியவில்லை என்பது பழைய கருதான். ட்சுபாகி அதோடு நிறுத்தவில்லை. நோஸாகியை இரக்கமற்றவனாக்காமல், வேலையில் அப்பழுக்கற்ற ஈடுபாடு உள்ளவனாக்குகிறார். சகுரா போட்ட கறுப்பு அழகாக இருக்கிறது என்று அவன் பாராட்டும்போது அது மனதார வருகிறது. அவளும் அந்தப் பாராட்டில் பூரித்துப்போகிறாள், அவள் எதிர்பார்த்த பாராட்டு அது இல்லை என்றாலும். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே குனிந்து வேலை செய்யும் அந்த மாலைகளைவிட நெருக்கமான காதல் காட்சி வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இளவரசி அல்ல, இளவரசன்

இந்தப் பள்ளியில் பெண்கள் எல்லோரும் மயங்கிக் கிடக்கும் ‘இளவரசன்’ ஒருவர் உண்டு. பெயர் காஷிமா யூ. அவள் ஒரு பெண். உயரம், நடை, குனிந்து கையைப் பற்றும் பாங்கு எல்லாம் இளவரசனுக்குரியவை. நாடக மன்ற ஒத்திகைக்கு வராமல் டிமிக்கி கொடுப்பாள். ஹோரி துரத்திப் பிடித்து இழுத்து வருவார்.

சிரிப்புக்காகத் தலைகீழாக்கிய பாத்திரம் என்று இதைக் கடந்துபோனால் பாதிதான் புரியும். காஷிமாவுக்கு நெடிய வம்சம் இருக்கிறது. 1914இல் தொடங்கிய தகராசுகா நாடகக் குழுவில் நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண் வேடமும் பெண்களே ஏற்பார்கள். ரசிகைகள் உருகுவதும் பெரும்பாலும் அந்த ஆண் வேடக்காரர்களிடம்தான். அந்தக் குழுவின் ஊரான தகராசுகாவில் வளர்ந்தவர் மங்கா ஓவியர் தெசுகா ஒசாமு. 1953இல் அவர் ‘ஷோஜோ கிளப்’ இதழில் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’யில் இளவரசி சஃபயர் இளவரசனாக வளர்க்கப்பட்டாள். 1972இல் இகேதா ரியோகோ ‘வெர்சாய் நோ பரா’வில் ஆண் உடையில் வாள் ஏந்திய ஆஸ்காரைக் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கதை தகராசுகா மேடைக்கே திரும்பிப் போனது. அந்த வரிசையில் வந்தவள்தான் காஷிமா. சஃபயருக்கும் ஆஸ்காருக்கும் அரசியலும் போரும் இருந்தன; இவளுக்கு ஒத்திகைக்குப் போகச் சோம்பல்.

ஆண் ஒருவன் ஷோஜோ மங்கா வரைவதும் வெறும் கற்பனை அல்ல. 1950களிலும் 60களிலும் பெண்பிள்ளைகள் இதழ்களை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பின்னாளில் விண்வெளிக் கப்பல்களாலும் குத்துச்சண்டையாலும் புகழ்பெற்ற மாட்சுமோதோ லெய்ஜி, சிபா டெட்சுயா இருவரும் அங்கே வரைந்து பழகியவர்கள்தான். 1970களில் ஹாகியோ மோதோ, தகேமியா கெய்கோ முதலிய பெண்கள் வந்து அந்த வகையின் இலக்கணத்தையே மாற்றினார்கள். கட்டங்களை உடைத்தார்கள், மனக்குரலைப் பக்கம் முழுக்கப் பரவவிட்டார்கள். நோஸாகி இன்று கடைப்பிடிக்கும் விதிகளில் பல அந்தத் தலைமுறை வகுத்தவை.

ட்சுபாகியும் அந்த மரபில் வளர்ந்தவரே. ஹகுசென்ஷாவின் ‘ஹனா தோ யுமே’ என்ற ஷோஜோ இதழில் அவருடைய ‘ஓரேசாமா டீச்சர்’ 2007 முதல் 2020 வரை ஓடியது. ஒரு பக்கம் பெண்பிள்ளைகளுக்கு முழுநீளக் கதை. மறுபக்கம் இன்னொரு பதிப்பகத்தின் இணைய இதழில், பெண் பெயரில் ஒளிந்து காதல் கதை வரையும் பையனைப் பற்றிய நான்கு கட்டச் சிரிப்பு. ஆண்டுக்கணக்கில் இரண்டையும் ஒருசேரக் கையாண்டிருக்கிறார். நோஸாகியின் அறையில் வீசும் மை வாசனையில் பொய் இல்லாததற்கு இதுவே காரணம்.

நான்கு கட்டம் என்ற வடிவத்தையும் சொல்ல வேண்டும். ஹாசெகாவா மாசிகோ 1946இல் தொடங்கி 1974 வரை வரைந்த ‘சசாயே-சான்’ வழியாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த வடிவம் அது. முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிப்பு. காதல் கதைக்கு வேண்டியது நேர் எதிரானது. ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, அதற்கு முழுப் பக்கம் வேண்டும். அந்தப் பெருமூச்சை ட்சுபாகி மூன்றாவது கட்டத்துக்குள் பிடித்து வைக்கிறார். நான்காவதில் யாராவது டோன் எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அடுத்த துண்டு அதே இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சிரிப்பு நான்கு கட்டத்துக்கு ஒருமுறை வர, ஏக்கம் மட்டும் கட்டம் தாண்டித் தொடர்ந்து ஓடுகிறது.

பதிப்பாசிரியரும் தனுகியும்

மங்கா துறையைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த பகுதி பதிப்பாசிரியர்களாகத்தான் இருக்கும். ஜப்பானில் ஒவ்வொரு மங்கா ஓவியருக்கும் இதழ் சார்பில் ஒருவர் பொறுப்பாக இருப்பார். ‘நேம்’ எனப்படும் கரட்டு வரைவை முதலில் பார்ப்பவர் அவரே. அவர் சரி என்ற பிறகுதான் மை தொட முடியும். அவர் நல்லவராக அமைவது ஓவியரின் தலையெழுத்து.

நோஸாகிக்கு முன்பு வாய்த்தவர் மாயேனோ. தன்னைத் தானே ரசிக்கும் மனிதர்; தனுகி என்ற காட்டு விலங்கின்மேல் தீராத பிரியம். கதை எதுவானாலும் அதில் ஒரு தனுகி வர வேண்டும் என்பார். இப்போது அவர் மியாகோ யுகாரிக்குப் பொறுப்பாளர். நோஸாகி குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் கல்லூரிப் பெண் அவர், அவரும் ஓவியர். பாவம், இளகிய மனசு. மறுத்துப் பேச வராது. அவருடைய காதல் கதைகளில் எங்கு பார்த்தாலும் தனுகி. நோஸாகியின் இப்போதைய பொறுப்பாளர் மியாமாயேயோ வேலையை ஒழுங்காகச் செய்கிறவர், அவ்வளவுதான். அழைத்தால் பதில் சொல்வார். நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்பார். அதற்கே நோஸாகி அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறான். அதிகாரத்தில் இருப்பவரின் சின்னச் சின்ன விருப்பங்கள் ஒரு படைப்புக்குள் எப்படி நுழைந்து குடியேறுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை. ட்சுபாகி யாரையும் திட்டவில்லை. தனுகியைக் காட்டுகிறார், போதுமாக இருக்கிறது.

இதே துறையைச் சொன்ன மற்றவர்கள் வேறு பாதைகளில் போனார்கள். ஓபா ட்சுகுமியும் ஒபாதா தகேஷியும் சேர்ந்து 2008 முதல் 2012 வரை கொடுத்த ‘பகுமான்’ அதைப் போர்க்களமாக்கியது. வாசகர் வாக்கெடுப்பில் எத்தனையாவது இடம் என்பதில் அங்கே உயிர் ஊசலாடும். 1989இல் தொடங்கிய ‘சரு டெமோ ககேரு மங்கா கியோஷிட்சு’வில் ஐஹாரா கோஜியும் தகேகுமா கென்டாரோவும் மங்கா கற்றுத் தருவதாகச் சொல்லி, வெற்றிக் கதைகளின் வாய்ப்பாட்டையே தோலுரித்தார்கள். குமேதா கோஜியின் ‘ககுஷிகோதோ’வில் கொச்சையான நகைச்சுவை மங்கா வரையும் அப்பா, மகளுக்குத் தெரியக் கூடாது என்று காலையில் கோட்டு சூட்டுடன் வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் உடை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். நோஸாகி எதையும் மறைப்பதில்லை. தான் ஷோஜோ மங்கா வரைகிறவன் என்று கேட்டவர்களிடம் சொல்லியே இருக்கிறான். இந்த உடம்பையும் முகத்தையும் பார்த்து யாரும் நம்பவில்லை.

‘பகுமான்’ படித்தால் ஓவியராக வேண்டும் என்ற வேகம் வரும். ‘நோஸாகி-குன்’ அந்த வேகத்தைத் தருவதில்லை. யாராவது ஒருவருக்குக் கூடமாட உதவ வேண்டும் என்ற ஆசையைத் தருகிறது.

குறையும் இருக்கிறது. தொடங்கிப் பத்தாண்டு தாண்டியும் சகுராவின் காதல் தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. வகாமாட்சுவைப் படாதபாடு படுத்தும் செயோ என்ற பெண், அவனைத் தூங்க வைக்கும் இனிய குரலுக்குச் சொந்தக்காரியும் அவள்தான் என்ற ரகசியம், இப்படி அருமையாக ஆரம்பித்த முடிச்சுகள் பின்னால் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. ஒரே மூச்சில் பல தொகுப்புகளைப் படிப்பவர்களுக்கு அலுப்புத் தட்டலாம். இணைய இதழில் விட்டுவிட்டு வருவதற்காக எழுதப்பட்ட துண்டுகள் இவை. அந்த இடைவெளியோடு படிப்பதே உத்தமம்.

புதிதாக வருகிறவர்கள் அனிமேயிலிருந்து தொடங்கலாம். நாகமுரா யூயிச்சியின் ஆழ்ந்த குரலில், காதல் வசனங்களை நோஸாகி வேலைக் குறிப்பு வாசிப்பதுபோலச் சொல்வதைக் கேட்கவே 12 பகுதிகளையும் பார்க்கலாம். பிறகு மங்காவின் முதல் தொகுப்புக்கு வாருங்கள். கதை தெரிந்ததுதானே என்று தாவிவிடாதீர்கள். அனிமேயில் நொடியில் ஓடி மறையும் கட்டங்களில் கண்ணை நிறுத்திப் பார்க்க முடிவது தாளில்தான். அந்த 12 பகுதிகளில் இடம் கிடைக்காத நோஸாகியின் தம்பி மாயுவும் மங்காவில்தான் இருக்கிறான். ஜூடோ மன்றத் தலைவன். வாய் திறந்து பேசக்கூடச் சோம்பல்படுகிறவன்.